போர் விமானமா, பெரிய விமானமா? அரக்கோணம் வழியாக ஒரு வரலாற்றுக் குறிப்பு

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா மகன் போன் செய்தான். வழக்கமாக "மாமா, சாப்டீங்களா" என்றுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு அது இல்லை.

"போட்டுட்டாங்க மாமா. ட்ரான்ஸ்போர்ட்."

ராணுவ விமானிப் பயிற்சியில் இருக்கிறான். எந்த இடம், எந்த பேட்ச் என்றெல்லாம் எழுதக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறான். அதனால் அவ்வளவோடு விடுகிறேன். முதல் கட்டப் பயிற்சி முடிந்ததும் மாணவர்களை மூன்றாகப் பிரிப்பார்கள்: ஃபைட்டர், ட்ரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர். விருப்பத்தை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். இவன் முதல் விருப்பமாக ஃபைட்டர் என்று எழுதியிருந்தான். அவங்க அப்பா ஆம்பூர் முழுக்க "பையன் ஃபைட்டர் பைலட் ஆகப்போறான்" என்று சொல்லி வைத்திருந்தார். செய்தி வந்ததும் வீட்டில் "அப்பாடா" என்று சொன்னது அக்கா மட்டும்தான், அதையும் சமையலறைக்குள் போய்ச் சொன்னாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று ஆரம்பித்திருந்தால் போனை வைத்திருப்பான். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். உட்கார்ந்து படித்தேன். ஃபைட்டர் மேலே, மற்றதெல்லாம் கீழே என்ற இந்த வரிசையை யார் போட்டது? எப்போதிலிருந்து? உண்மையில் அந்தப் பையன்கள் எதையாவது தேர்ந்தெடுக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்காக எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

தேர்வு என்ற சொல்

தமிழில் 'தேர்வு' என்றால் இரண்டு அர்த்தம். நாம் ஒன்றைத் தேர்வது ஒன்று. நம்மை உட்கார வைத்துப் பரீட்சை வைப்பது இன்னொன்று. விமானிப் பயிற்சியில் பையன் முதல் அர்த்தத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறான். நடப்பது பெரும்பாலும் இரண்டாவது.

உடம்பிலிருந்தே அது ஆரம்பிக்கிறது. இந்திய விமானப்படையில் விமானி ஆக கால் நீளம் 99 செ.மீ.யிலிருந்து 120 செ.மீ.க்குள் இருக்கவேண்டும். உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. தொடை நீளம் 64 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. விமானியின் இருக்கைக்கும் மிதிகட்டைக்கும் நடுவே உள்ள இடத்துக்கு ஏற்ற அளவுகள் இவை. அடுத்து விமானி ஆற்றல் சோதனை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். தோற்றால் மறுபடி கிடையாது.

இதைத் தாண்டினால் ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகல் விமானப்படை அகாடமி. எல்லோருக்கும் ஒரே விமானம், பிலாட்டஸ் பிசி-7. அதற்கப்புறம்தான் பிரிவு. ஃபைட்டர் என்றால் ஹக்கிம்பேட்டையில் கிரண் ஜெட், பிறகு பீதரில் ஹாக். ட்ரான்ஸ்போர்ட் என்றால் பெங்களூரு எலஹங்காவில் டோர்னியர். ஹெலிகாப்டர் என்றால் ஹக்கிம்பேட்டையில் சேத்தக். இதுதான் பல வருடங்களாக இருந்துவரும் பொதுவான பாதை. யார் எங்கே என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. மாணவனின் மதிப்பெண்ணும் பயிற்றுநர் கணிப்பும் ஒன்று. அந்த வருடம் படைக்கு எந்தப் பிரிவில் எத்தனை பேர் வேண்டும் என்பது இரண்டு. மாணவனின் விருப்பம் மூன்று.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் டேனரியில் வெட் ப்ளூ தோலைத் தரம் பிரிக்கும் மேசை ஒன்று உண்டு. அங்கே நின்ற பெரியவர் ஒவ்வொரு தோலையும் விரித்து, உண்ணிக் கடி, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம் பார்த்து மூன்று நான்கு அடுக்காகப் போடுவார். நல்லது ஷூவின் மேல்தோலுக்கு. அடுத்தது உள்ளே ஒட்டும் லைனிங்குக்கு. சின்ன வயதில் இது முழுக்கத் தரம் சார்ந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, லைனிங் ஆர்டர் பெரிதாக வந்துவிட்டால் நல்ல தோலும் அந்த அடுக்குக்குப் போகும். தோலில் குறை ஒன்றும் இருக்காது. ஆர்டர் அப்படி.

இதை மருமகனிடம் சொன்னேன். "என்னையே லைனிங்னு சொல்றீங்களா மாமா" என்றான். உவமையை அங்கேயே நிறுத்திவிட்டு வரலாற்றுக்குப் போனேன்.

தேர்வே இல்லாத காலம்

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி பிறந்தது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. நான்கு வபிட்டி விமானங்கள், அவ்வளவுதான். வேலை, எல்லைப்புறத்தில் தரைப்படைக்கு உதவுவது. எல்லோரும் அதைத்தான் ஓட்டினார்கள். இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்குப் போன முதல் இந்தியர்களில் ஜே. என். டாண்டன் என்பவர் உயரம் குறைவு என்பதால் விமானி ஆக முடியாமல் தளவாடப் பிரிவுக்குப் போனார். அன்றிருந்த ஒரே தரம் பிரிப்பு அதுதான்.

ஃபைட்டர் விமானியின் ஒளிவட்டம் இரண்டாம் உலகப்போரில் இன்னும் பெரிதானது. 1940இல் பிரிட்டன் வானில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானிகள் ஜெர்மன் விமானங்களைத் தடுத்தார்கள். செய்திப்படங்கள் அவர்களைத் தூக்கி வைத்தன. ஆனால் அந்தக் காலத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த பையன்களுக்கு நடந்தது வேறு. தொடக்கப் பயிற்சி முடிந்ததும் ஒற்றை எஞ்சின் ஹார்வர்டுக்கு ஒரு கூட்டம், இரட்டை எஞ்சின் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது ஆன்சனுக்கு இன்னொரு கூட்டம் என்று பிரித்தார்கள். குண்டுவீச்சு விமானங்களுக்கு ஆள் தேவை அதிகம். ஸ்பிட்ஃபயர் கனவோடு வந்த எத்தனையோ பேர் லங்காஸ்டரில் ஏறினார்கள்.

அந்தப் பெரிய விமானங்களில் போவது பாதுகாப்பான வேலையா? பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள். 55,573 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு 44. ஃபைட்டர் என்றால் வீரம், பெரிய விமானம் என்றால் பத்திரம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அந்தப் போரில் இந்திய ஸ்குவாட்ரன்களுக்கு பிரிட்டிஷார் கொடுத்தது ஹரிக்கேன், வெஞ்சன்ஸ், கடைசியில் ஸ்பிட்ஃபயர். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக்கூடத் தரவில்லை. எங்கள் பகுதிக்கும் அப்போது இதேபோல் எடுபிடி வேலைதான். முதல் உலகப்போரிலேயே சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோலை ராணுவ பூட்சுக்காக அரசே கட்டுப்பாட்டில் எடுத்து வாங்கியது. இரண்டாம் போரில், 1942இல், அரக்கோணத்தில் ஒரு விமானத்தளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அது தூங்கிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

குப்பையிலிருந்து எழுந்த பெரிய விமானங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

போர் முடிந்ததும் கான்பூரில் ஏராளமான அமெரிக்கத் தயாரிப்பு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. நான்கு எஞ்சின், பெரிய உடம்பு. வேறு யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று விட்டுப் போனவர்கள் அவற்றைச் சேதப்படுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பெங்களூருவின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குப்பையில் இறங்கி, தேறுவதைப் பொறுக்கி, கான்பூரிலிருந்து பறக்கும் அளவுக்கு மட்டும் தட்டிச் சரிசெய்தார்கள். அவற்றை பெங்களூருவுக்கு ஓட்டி வந்தவர் ஜிம்மி முன்ஷி என்ற சோதனை விமானி. பெங்களூருவில் முழுமையாகப் புதுப்பித்து, 40க்கும் மேற்பட்ட விமானங்களைப் படையில் சேர்த்தார்கள். 1948 நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் அவற்றோடு தொடங்கியது. 1968 வரை பறந்தன. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கும் சில லிபரேட்டர்கள் இங்கிருந்து போனவைதான்.

அதே சமயம் காஷ்மீரில் முதல் போர். 1947 அக்டோபர் 27 அன்று டெல்லியிலிருந்து டகோட்டா விமானங்கள் சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கின. அந்த விமானங்கள் அன்றைக்குப் போய்ச் சேராமல் இருந்திருந்தால் கதையே வேறு. அடுத்த வருடம் மே 24 அன்று மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு லே பள்ளத்தாக்கில் டகோட்டாவை இறக்கினார். 10,000 அடிக்கு மேல் உயரம், அவசரமாகப் போட்ட மண் ஓடுதளம், வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது.

மெஹர் சிங் யார் என்று பார்த்தால் விஷயம் புரியும். உலகப்போரில் பர்மா முனையில் ஹரிக்கேன் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கியவர். அந்தப் போரில் இந்திய விமானப்படையில் டி.எஸ்.ஓ. விருது பெற்ற ஒரே ஆள். அதே ஆள்தான் டகோட்டாவில் ஏறி லேவுக்குப் போய், விமானப்படையின் முதல் மகாவீர் சக்ரா வாங்கினார். அவர் காலத்தில் சின்ன விமானத்துக்காரன், பெரிய விமானத்துக்காரன் என்று வேலி இல்லை. வேலை எங்கே இருந்ததோ அங்கே போனார்.

வேலி எப்போது எழுந்தது?

1962இல் சீனாவோடு போர். அதில் தாக்குதல் விமானங்களைப் பயன்படுத்தவில்லை. சுமை முழுக்க ட்ரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர்காரர்கள் தலையில். ஏஎன்-12 விமானங்கள் லடாக்கின் சுஷுலுக்கு டாங்குகளையே ஏற்றிக்கொண்டு போய் இறக்கின. ஆனால் அது தோற்ற போர். தோற்ற போரில் மூட்டை சுமந்தவனுக்கு யார் பாட்டுப் பாடுவார்கள்?

1965இல் நிலைமை தலைகீழ். குட்டி நாட் விமானங்கள் சேபர் ஜெட்டுகளை எதிர்த்து நின்றன. நாடே கொண்டாடியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேலே தனி ஆளாக நாட்டில் ஏறிப் போரிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்ரா. விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா இன்றுவரை அதுதான்.

அதே 1971 போரின் முதல் ராத்திரி, டிசம்பர் 3, சரக்கு விமானமான ஏஎன்-12களில் குண்டுகளை அடுக்கி, விங் கமாண்டர் வசிஷ்ட் தலைமையில் சங்கா மங்கா காட்டிலிருந்த வெடிமருந்துக் கிடங்குமேல் போட்டார்கள். அவருக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. டிசம்பர் 11 அன்று டாங்காயிலில் ஒரு பட்டாலியன் முழுக்கப் பாராசூட்டில் குதித்தது. டாக்கா வீழ்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. செகோன் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு வசிஷ்ட் பெயர் தெரியும்?

யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறேன். ஒரு ஆள், ஒரு விமானம், ஒரு சண்டை என்றால் கதை தானாக வந்துவிடும். ஐந்து பேர் சேர்ந்து ராத்திரியில் சரக்கு இறக்கினார்கள் என்றால் அதைச் சொல்லத் தனியாக ஒருத்தன் வேண்டும்.

பதவியும் அந்த நினைவோடு போனது. விமானப்படைத் தலைமைக்கு ஒரு ஹெலிகாப்டர் விமானி முதன்முதலாக வந்தது 2007இல், ஃபாலி ஹோமி மேஜர். கடற்படையிலும் இப்படித்தான். விக்ராந்த் கப்பலில் ஜெட்டை இறக்கிய முதல் இந்தியரான தஹிலியானி 1984இல் தலைமைத் தளபதி ஆனார். ஹெலிகாப்டரிலிருந்து ஒருவர் அந்த நாற்காலிக்கு வர 2019 ஆனது, கரம்பீர் சிங். பயிற்சியில் இருக்கும் பையன்கள் இதையெல்லாம் கணக்குப் போடாமலா இருப்பார்கள்?

மிக்-21 என்ற பாலமில்லாத ஆறு

வேலியை உயர்த்திய இன்னொரு விஷயம் பயிற்சி. ஃபைட்டருக்குப் போன மாணவன் பல வருடங்கள் கிரண் போன்ற மிதவேக ஜெட்டிலிருந்து நேராக மிக்-21 பக்கம் போகவேண்டியிருந்தது. மிக்-21 ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் போகும். தரையிறங்கும்போதே மணிக்கு 300 கி.மீ.க்கு மேல். இரண்டுக்கும் நடுவே ஒரு படி வேண்டும், நவீனப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1982லேயே லா ஃபோன்டேன் குழு சொல்லிவிட்டது. ஹாக் வாங்க ஒப்பந்தம் போட்டது 2004இல். பீதருக்கு அது வந்தது 2008இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் விபத்துகளில் போன இளம் விமானிகளை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. 'பறக்கும் சவப்பெட்டி' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1963இல் வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் முதல் விருப்பமாக ஃபைட்டரையே எழுதினார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது. ஆபத்து அந்தப் பிரிவின் மதிப்பைக் குறைக்கவில்லை, கூட்டியது.

அமெரிக்கர்கள் ரொம்ப நாள் வேறு வழியில் போனார்கள். 1990களின் தொடக்கம் வரை அவர்கள் விமானப்படையில் எல்லா மாணவர்களும் டி-37, டி-38 என்று ஒரே ஜெட் பயிற்சியை முடிக்கவேண்டும். அதற்கப்புறம்தான் யாருக்கு எந்த விமானம் என்று முடிவாகும். சரக்கு விமானம் ஓட்டப்போகிறவனும் ஃபைட்டர் பயிற்சி முடித்தவன்தான். பிறகு செலவு, தேவை எல்லாம் பார்த்து, பெரிய விமானத்துக்குப் போகிறவர்களுக்கென்று டி-1 ஜேஹாக் என்ற தனிப் பயிற்சி விமானம் கொண்டுவந்து பாதையைப் பிரித்தார்கள். அங்கேயும் தர வரிசையில் மேலே இருப்பவன் முதலில் கேட்பான். மற்றவர்கள் மிச்சத்தில்.

கேட்கவே முடியாதவர்கள்

விருப்பம் எழுதும் தாளில் ஒரு வரியே இல்லாமல் இருந்தவர்களும் உண்டு. பெண்கள் விமானிகளாக விமானப்படைக்கு வந்தது 1990களின் நடுவில். ட்ரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் மட்டும். ஃபைட்டர் கதவு திறந்தது 2016 ஜூன் 18 அன்று, அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூன்று பேருக்கும். கடற்படையில் முதல் பெண் விமானி ஷிவாங்கி 2019 டிசம்பரில் டோர்னியரோடு வந்தார். ஃபைட்டர் பிரிவுக்கு ஆஸ்தா பூனியா தேர்வானது 2025 ஜூலையில். இருபது வருடங்களுக்கு மேல் ட்ரான்ஸ்போர்ட் ஓட்டிய பெண்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அவர்கள் ஓட்டினார்கள்.

இனி அரக்கோணம்

எனக்குப் பத்து பதினோரு வயது. தோல் சாம்பிள்களைப் பையில் எடுத்துக்கொண்டு அப்பா சென்னை பெரியமேட்டுக்குப் போவார். லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவார். விடியக்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ். காட்பாடி தாண்டி அரக்கோணம் நெருங்கும்போது ஒரு நாள் வானத்தில் ஒரு பெரிய உறுமல். ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தேன். நீளமான வெள்ளி உடம்பு, பின்னால் சாய்ந்த இறக்கை, நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றின. "ரஷ்யாக்காரன் பிளேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அதன் பெயர் டியூ-142. தூங்கிக்கொண்டிருந்த அந்த 1942 தளத்தை எழுப்பி, 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஐஎன்எஸ் ராஜாளி என்று கடற்படைக்குத் திறந்து வைத்தார். நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் ஓடுதளம் ஆசியாவின் மிக நீளமான ராணுவ ஓடுதளங்களில் ஒன்று. அப்போது அரக்கோணம் எங்கள் மாவட்டம்தான். 2019இல் பிரித்தபோதுதான் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும் போனது.

இங்கேதான் பழைய கதையின் நுனி கையில் கிடைக்கிறது. கான்பூர் குப்பையிலிருந்து எழுந்த லிபரேட்டர்களில் சில கடைசிக் காலத்தில் கடல் கண்காணிப்புக்குப் பறந்தன. அந்த வேலை ஏர் இந்தியாவிடமிருந்து வந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களுக்குக் கைமாறியது. 1976இல் கடல் கண்காணிப்புப் பொறுப்பு விமானப்படையிலிருந்து கடற்படைக்கு மாறியது. கோவாவில் 312ஆம் ஸ்குவாட்ரன் அந்த சூப்பர் கான்ஸ்டலேஷன்களோடு பிறந்தது. 1988இல் அதற்கு டியூ-142 வந்தது. 1992இல் அது அரக்கோணம் வந்தது. 2013இல் போயிங் பி-8ஐ வந்தது, நாம் சென்னையில் ஏறும் 737-800ன் அதே உடம்பு, உள்ளே நீர்மூழ்கி வேட்டைக்கான கருவிகள். டியூ-142கள் 29 வருடங்கள் ஒரு விபத்துகூட இல்லாமல் பறந்து, 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் ஓய்வு பெற்றன. ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. போனால் உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

இந்த விமானங்கள் மணிக்கணக்கில் கடல்மேல் சுற்றும். கீழே தெரிவதெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஒரு நீர்மூழ்கி எங்கே என்று தேடவேண்டும். விமானி மட்டும் போதாது. ரேடார், ஒலிக்கருவி, ஆயுதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள். ஒரு குடும்பம் மாதிரி. யாரோ ஒருவர் தூங்கிவிட்டால் எல்லாம் வீண்.

2019 பிப்ரவரியில் அபிநந்தன் மிக்-21இல் போய், பிடிபட்டு, மார்ச் 1 அன்று திரும்பி வந்தபோது ஆம்பூர் சலூன்களிலும் அந்த மீசைதான். அவர் அப்பா வர்த்தமானும் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்தவர், பூர்வீகம் காஞ்சிபுரம் பக்கம். நம்ம ஊர்க்காரர் என்று எல்லோரும் சொந்தம் கொண்டாடினோம், நானும்தான். அதே காலத்தில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி ராஜாளியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பி-8ஐ விமானி ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் எங்கள் பக்கம் ராணுவத்துக்குப் புதிதில்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவர் படையில்.

அக்காவின் 'அப்பாடா'

இதை மருமகனுக்கு எழுதும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 சரக்கு விமானம், 29 பேரோடு வங்கக்கடலின்மேல் மறைந்தது. கப்பல்கள் தேடின, ராஜாளியின் பி-8ஐ தேடியது. கிடைக்கவில்லை. ஏழரை வருடம் கழித்து 2024 ஜனவரியில், சென்னைக் கடலோரத்திலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி படம் எடுத்தது. அந்த 29 குடும்பங்களும் அதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. மருமகனிடம் சொன்னேன். ட்ரான்ஸ்போர்ட் என்றால் பத்திரமான இரண்டாவது பரிசு என்று ஊர் நினைப்பதை அவனும் நினைக்கக்கூடாது. 2013 ஆகஸ்டில் 16,000 அடிக்கு மேல் உள்ள தௌலத் பேக் ஓல்டியில் சி-130ஜே இறங்கியது. 2023 ஏப்ரலில் சூடான் உள்நாட்டுப் போருக்கு நடுவே, வாடி சைய்யித்னா என்ற இடத்தில், விளக்கோ வழிகாட்டும் கருவியோ இல்லாத ஓடுதளத்தில் ராத்திரியில் இறங்கி 121 பேரை ஏற்றி வந்தார்கள். மெஹர் சிங் லேயில் செய்த அதே வேலை, 75 வருடம் கழித்து.

கூடவே நடைமுறை விஷயம் ஒன்றும் எழுதினேன், மாமன் என்றால் எழுதத்தானே வேண்டும். பல எஞ்சின் விமானத்தில் சேரும் பறப்பு மணிகள் பின்னாளில் விமானக் கம்பெனி வேலைக்கு நேராக உதவும். அதற்கு அவன் பதிலே போடவில்லை.

மொத்தத்தையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மெஹர் சிங் முதல்ல ஹரிக்கேன் ஓட்டிட்டுத்தானே மாமா டகோட்டாவுக்கு வந்தாரு?"

"ஆமாண்டா."

"எனக்கு அந்த முதல் பாதி கிடையாதுல்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. வரலாறு அவனுக்கு விருப்பமான விமானத்தை வாங்கித் தராது. அந்த வரிசை வானத்திலிருந்து விழுந்ததில்லை, எந்தப் போரில் ஜெயித்தோம், யாருடைய கதை சொல்ல எளிது, யார் தலைவர் ஆனார்கள் என்பதையெல்லாம் வைத்து மனிதர்கள் அடுக்கியது என்று மட்டும் காட்டும். அவனுக்கு அது போதுமா என்று தெரியவில்லை.

போன வாரம் மறுபடி போன் செய்தான். இந்தத் தடவை "சாப்டீங்களா"வில் ஆரம்பித்தான். புது விமானத்தில் பறக்க ஆரம்பித்துவிட்டானாம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "இதுவரைக்கும் வாத்தியார் பின்னாடி உக்காந்திருப்பாரு மாமா. இதுல பக்கத்துல உக்காந்திருக்காரு. ஒரு ஆள் பக்கத்துல இருக்கறதே புதுசா இருக்கு."